கோடைக்கும் கொடைக்கும் நடுவே

முக்காற்புள்ளி அடித்தால்
திரையின் அடியில் ஒரு வரி திறக்கும்.
எட்டு வருடமாய் நான் பார்த்துக்கொள்வது அதை மட்டும்தான்.
எடிட்டரின் மற்ற இடமெல்லாம் வேறு ஆட்கள்.

சாஸ்கடூன், ஜனவரி, மைனஸ் முப்பத்து நான்கு.
கார் எஞ்சினுக்கு மின்கம்பி செருகிவிட்டு வந்து
விரல் விறைப்பு தணியும்வரை
கோப்பையைப் பிடித்துக்கொண்டே
மங்களரூபன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்க்கிறேன்.

பிராம்டனில் ஒரு கோயிலுக்குக் கணக்கெழுதுபவர்.
அவர் கோப்புறையில் இரண்டே கோப்புகள்.
கோடை: பிள்ளைகளின் முகாம் செலவு.
கொடை: பெயரும் தொகையும்.
சோம்பலில் டேப் தட்டியிருக்கிறார்.
இரண்டுக்கும் பொதுவானதைத் தேடிப் போன எடிட்டர்
பைட் பைட்டாய் நடந்து
எழுத்தின் இடுப்பில் நின்றுவிட்டது.
ஒரு க, அதன் பக்கத்தில்
கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி.
மனிதர் அதற்கும் என்டர் தட்டியிருக்கிறார்.
இப்போது மாதத்துக்கு ஒன்றாய்
அந்தப் பெயரில் காலிக் கோப்புகள்.
'இதை எப்படி வாசிக்கிறது, தங்கச்சி?'
என்று மட்டும் கீழே.

முதல் திருத்தம் சுலபம்.
பைட்டை விடு, குறியை எண்ணு.
டேப். க வந்தது, வைரம் இல்லை.
டெஸ்ட் பச்சை.

ஒக்சானா தோளுக்கு மேலிருந்து கேட்டாள்:
'அந்த எழுத்து இரண்டிலும் இருக்கிறதா?'
இருக்கிறது என்றேன்.
பிறகு சொல்லிப் பார்த்தேன், கோ.
கொ.
அவளும் சொன்னாள், கொஞ்சம் ஹ கலந்து.
இரண்டிலும் க இல்லையே.
க் இருக்கிறது, புள்ளி வைத்தது.
அதை யாரும் தட்டவில்லை,
எந்தக் கோப்பின் பெயரிலும் அது எழுதப்படவில்லை.
இயந்திரத்திடம் உள்ளது க மட்டும்;
அதிலிருந்து அகரத்தை எடுத்து
தனியே வைக்க அதற்கு வாய் கிடையாது.

அடுத்த தகராறு பேக்ஸ்பேஸ்.
கோ மேல் ஒரு தட்டு:
முன்னால் நின்ற கொம்பும் பின்னால் நின்ற காலும்
ஒன்றாய்ப் போய் க மிஞ்சுகிறது.
'முழு எழுத்தும் போகவேண்டாமா?'
வேண்டாம்.
கைதவறுவது எப்போதும் உயிரில்தான்,
குறிலுக்கு நெடில், நெடிலுக்குக் குறில்.
மெய்யை எதற்கு மறுபடி தட்டுவது?
டெலீட் வேண்டுமானால் முழுசாய் விழுங்கட்டும்.
'இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது?'
இதோ, என்று
டெஸ்ட் கோப்பின் இருநூற்றுப் பதினான்காம் வரியில்
எழுதினேன்.

மாலை நாலரைக்கே இருட்டு.
டேப்புக்கு மறுபடி ஒரு டெஸ்ட்:
க எழுதாதே, எதுவும் எழுதாதே,
வரி இருந்தபடி இருக்கட்டும்,
மேலே இரண்டு பெயரையும் விரி.
கொடை முதலில், குறில் என்பதால்.
சேர்த்த எழுத்து, எதிர்பார்த்தது: ஒன்றுமில்லை.
சேர்த்த எழுத்து, கிடைத்தது: ஒன்றுமில்லை.
பச்சை.
ஒன்றும் செய்யாமலிருக்க அதற்குச் சொல்லித்தர
நூற்று நாற்பது வரி ஆகியிருந்தது.

எட்டாம் தெருவில் பனிவாரி உறுமிப் போனது.
அம்புக்குறியை ஒருமுறை இறக்கி
கோடையைத் தேர்ந்து என்டர் தட்டினேன்.
திறந்தது.
சோதனைக்கென்று நானே போட்ட கோப்பு, உள்ளே ஒன்றுமில்லை.

ஒக்சானா கையுறையில் பாதிக் கை நுழைத்தபடி
வாசலில் காத்திருந்தாள்.
மங்களரூபனுக்கு இரண்டு வரி எழுதி
அனுப்பப் போகையில்தான் பார்த்தேன்,
அவருடைய கோப்புறையின் பெயர்
ஸ்ரீ என்று தொடங்குகிறது.

முக்காற்புள்ளி.
ஸ், ரீ.
கர்சர் எழுத்தை விட்டு ஒரு கட்டம் தள்ளி
வெற்றிடத்தில் நின்று
மின்னிக்கொண்டிருந்தது.

நீ போ, என்றேன் ஒக்சானாவிடம்.
காரை மட்டும் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி வை.